பிலிமில் எடுத்தால் எடிட்டே இல்லையாமே!

பிக்சல்: மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் படத்தின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: "பிலிம் கேமரா. எடிட் கிடையாது. போட்டோஷாப்காரர்கள் படம் எடுப்பதில்லை, வரைகிறார்கள்." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தில் வானம் தானாகவா கறுத்தது? பிரிண்ட் போடும்போது பர்ன் செய்து, அதாவது தாளில் அந்த இடத்துக்கு மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்து, கறுக்க வைத்தார்.

இருட்டறை: அந்த ஒருவர் நான்தான் தம்பி. பெயர் சொல்லியே திட்டலாம். ஆடம்ஸ் கையால் செய்தார். நீங்கள் மவுஸை இழுக்கிறீர்கள். இரண்டும் ஒன்றா?

பிக்சல்: வானம் கறுத்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள். ஆரம்பப் பிரிண்ட்களில் மேகம் தெரிகிறது. பிற்காலத்தில் போட்டவற்றில் கிட்டத்தட்ட முழுக் கறுப்பு. நெகட்டிவ் ஒன்றேதான்.

இருட்டறை: கையால் என்றேனே. ஓரிடம் கறுக்காமல் மறைக்க, கம்பி நுனியில் வட்ட அட்டையை ஒட்டி, நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கி விழவைக்கும் என்லார்ஜர் வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் அட்டையின் விளிம்பு தாளில் பதிந்துவிடும். தாள் குப்பைக்குப் போகும். உங்களுக்கென்ன, கன்ட்ரோல் இசட்.

ரோல்தீர்ந்தவன்: போட்டோஷாப்பில் ஓரிடத்தை வெளுக்க வைக்கும் டாட்ஜ் பொத்தானில் படமாக இருப்பதே அந்தக் கம்பி அட்டைதான். பர்னுக்குக் குவித்த கை. 1990-இல் வந்த அந்த மென்பொருளை உருவாக்கிய நோல் சகோதரர்களின் அப்பா வீட்டிலேயே இருட்டறை வைத்திருந்தவர்.

இருட்டறை: உங்களை யார் கேட்டது? என் நெகட்டிவைப் பார்த்து "அடுப்பில் வைத்தீர்களா" என்று நக்கலடித்தவர்தானே நீங்கள்? மறக்கவில்லை.

ரோல்தீர்ந்தவன்: 20 டிகிரி நேரக் கணக்கை வைத்துக்கொண்டு சென்னை வெயிலில் சூடான குழாய்த் தண்ணீரில் டி-76 டெவலப்பரைக் கலந்தால் நெகட்டிவ் ஓவர் டெவலப் ஆகாமல் வேறென்ன ஆகும்?

ஊட்டிவாசி: சண்டை நடக்கட்டும். யாரிடமாவது பழைய 'இந்து' (Indu) பிலிம் ரோல் இருக்கிறதா? எங்கள் ஊர் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் போட்டது. இன்று கோடாக் ரோல் விற்கிற விலைக்கு…

இருட்டறை: இந்துவா! ஜெர்மனி ஆர்வோ பிலிம் கிடைக்காத அன்று வேறு வழியில்லாமல் வாங்கியது.

ஊட்டிவாசி: ஜெர்மனிக்காரன் போட்டால் மட்டும் இனிக்குமோ? நம் ஊர்ச் சரக்கென்றால் இளக்காரம்.

பிக்சல்: எங்கேயோ போகிறீர்கள். அண்ணே, உங்கள் மாமல்லபுரம் படத்தில் நடுப்பகல் வானம் அப்படிக் கறுத்தது எப்படி?

இருட்டறை: சிவப்பு பில்டர். கறுப்பு வெள்ளை பிலிமில் நீல வானத்தைக் கறுக்க வைக்கும். லென்ஸுக்கு முன்னால் போட்டது. கிளிக் செய்வதற்கு முன்னால்! பின்னால் இல்லை.

பிக்சல்: ஆக, வானம் கறுத்தது.

இருட்டறை: முன்னால் என்கிறேன்!

பிக்சல்: ஆடம்ஸ் பின்னால்தான் கறுக்க வைத்தார். 1948-இல் நெகட்டிவின் கீழ்ப்பகுதியையே ரசாயனத்தில் நனைத்து அடர்த்தியைக் கூட்டினார். அவரும் வரைந்தவர்தானா?

இருட்டறை: ஆடம்ஸ் பெயரைச் சொல்ல ஒரு தகுதி வேண்டும். ஒரு ரோலையாவது இருட்டில் ரீலில் சுற்றியிருக்கிறீர்களா? மடங்காமல், ஒட்டாமல்? சுற்றிவிட்டு வாருங்கள், வானத்தைப் பற்றிப் பேசலாம்.

ரோல்தீர்ந்தவன்: நான் சுற்றியிருக்கிறேன். பேசலாமா?

இருட்டறை: உங்களோடு பேச்சே கிடையாது.

ஊட்டிவாசி: இந்துவில் எடுத்த நெகட்டிவ் இன்னும் என் பெட்டியில் பளிச்சென்று இருக்கிறது. ஆர்வோவில் எடுத்ததை நீங்கள் காட்டுங்கள் பார்ப்போம்.