டீவியன்ஸ்: பிறழ்வா, வழுவா, விலகலா?

தொடக்க மடல் (மொழிபெயர்ப்பாளர்)

குழுமத்தாருக்கு வணக்கம். குற்றத்தின் சமூகவியல் பற்றிய பாடநூல் ஒன்று என் கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'டீவியன்ஸ்' (deviance, சமூகம் ஏற்ற நெறிக்கு மாறான நடத்தை) என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. இதுவரை 'பிறழ்வு' என்று எழுதிவந்தேன். அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் பற்றிய இயலில் அது இடிக்கிறது. டீவியன்ஸ் செயலுக்குள் உறையும் தன்மை அன்று, பிறர் விதி வகுத்து அதை ஒருவர்மேல் சுமத்துவதால் வரும் விளைவு என்பது அவர் 1963இல் வைத்த வாதம். 'பிறழ்வு' என்றால் மாணவருக்கு மனப்பிறழ்வுதான் நினைவுக்கு வரும். குறை அந்த ஆளிடமே இருப்பதுபோல் ஆகிவிடும். குற்றத்திலிருந்தும் இதைப் பிரித்துக் காட்ட வேண்டும். சட்டத்தை மீறாமலே ஊரின் ஏச்சுக்கு ஆளாகலாம். மீறியும் மதிப்போடு வாழலாம். வேறு சொல் உண்டா?

மறுமொழி (தமிழாசிரியர்)

ஒழுக்கத்துக்கு எதிர்ச்சொல் குறளிலேயே இருக்கிறது: இழுக்கம். 'ஒழுக்கத்தின் எய்துவர் மேன்மை இழுக்கத்தின் எய்துவர் எய்தாப் பழி.' இங்கே 'எய்தாப் பழி' என்பதற்குப் பரிமேலழகர் உரையைப் பாருங்கள். ஒருவன் ஒருமுறை இழுக்கினால், பின்பு பகைவர் பொருந்தாத பழியைச் சொன்னாலும் உலகம் நம்பிவிடும் என்கிறார். சமூகவியலாளர் லெமர்ட் 1951இல், பழி சுமந்த பிறகு அதற்கேற்பத் தொடரும் மீறலை 'இரண்டாம் நிலை' என்று பிரித்ததற்கு அடுத்த வீட்டுக் கருத்து இது. 'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்ற தொடரிலிருந்து 'ஒட்டொழுகல்' என்றும் ஆக்கிக்கொள்ளலாம். சமூகவியலாளர் மெர்ட்டன் பிரித்த ஐந்து நடத்தை வகைகளில் முதலாவதற்கு, அதாவது சமூகத்தின் குறிக்கோளையும் வழியையும் ஏற்று நடப்பதற்கு, அது பொருந்தும்.

மறுமொழி (சமூகவியல் ஆசிரியை)

ஐயா, உரைக்குறிப்பு அருமை. 'ஒட்டொழுகல்' எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் 'இழுக்கம்' வேண்டாம். அதே அதிகாரத்தில் 'இழுக்கம் இழிந்த பிறப்பாய் விடும்' என்றும் வருகிறதே. நான் இந்தப் பாடத்துக்கு எடுக்கும் முதல் எடுத்துக்காட்டே குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வந்தது, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. யார் என்ன செய்தார் என்று அது கேட்கவில்லை. எந்தக் குடியில் பிறந்தார் என்றே கேட்டது. பெயரைப் பதிந்து கைரேகை வாங்கினார்கள். மக்கள் வாயில் அது 'ரேகைச் சட்டம்' ஆனது. 1952இல் நாடு முழுவதும் நீங்கிய பிறகும் பழைய பெயர் நாவிலிருந்து நீங்கவில்லை. அந்தக் குடிகளைக் குறிக்கும் 'சீர்மரபினர்' என்ற சொல் அதற்குப் பிறகு வந்தது. பிறப்பையும் பழியையும் ஒன்றாகக் கட்டிய அந்தச் சட்டத்தை விளக்கும் வகுப்பில் நான் எப்படி 'இழுக்கம்' என்று கரும்பலகையில் எழுதுவேன்? பெக்கரின் கோட்பாட்டுக்கு மட்டும் எளிதாக 'பட்டம் கட்டல்' என்போம். திருட்டுப் பட்டம் கட்டுவது என்றால் விளக்கமே தேவையில்லை.

மறுமொழி (இலக்கண ஆர்வலர்)

இலக்கணத்தில் முழுத் தொகுதியே கிடக்கிறது: வழாநிலை (பிழையின்மை), வழு (பிழை), வழுவமைதி (காரணம் பற்றி ஏற்கப்பட்ட பிழை). பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்றால் திணை வழு. உவப்பினால் சொன்னதால் அமைதி. தவறு நடக்கிறது, காரணம் காட்டப்படுகிறது, ஏற்கப்படுகிறது.

இதைச் சாலஞ்சர் விண்ணோடத்தில் வைத்துப் பாருங்கள். திண்ம எரிபொருள் உந்துபொறியின் இணைப்புகளில் இருந்த ரப்பர் வளையங்கள் முந்தைய பறப்புகளிலேயே அரிபட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் 'ஏற்கத்தக்க அளவுதான்' என்று முடிவாயிற்று. 1986 ஜனவரி 28 அன்று, கடுங்குளிரில் ஏவப்பட்ட 73 வினாடிகளில் ஓடம் சிதறியது, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். யாரோ ஒரு கெட்டவர் விதியை மீறியதால் வந்ததல்ல, மீறலே மெல்ல வழக்கமாகிவிட்டது என்று சமூகவியலாளர் டயான் வாகன் 1996இல் நிறுவினார். அதற்கு 'வழுவமைதி'யைவிடச் செறிவான சொல் எந்த மொழியில் இருக்கிறது? தொல்காப்பியர் 'வழக்கெனப் படுவது உயர்ந்தோர் மேற்றே' என்றார். விதி யாருடையது என்ற பெக்கரின் கேள்விக்கு அதிலேயே விடை இருக்கிறது.

மறுமொழி (மென்பொருள் தமிழாக்கக்காரர்)

'வழு' எங்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நிரலில் வரும் 'பக்' எல்லாம் இன்று வழுதான், வழுத்திருத்தம் என்று மாதக்கணக்கில் மல்லாடிப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தோம். மனிதரின் நடத்தையையும் அதே சொல்லால் குறித்தால், திருத்த வேண்டிய கோளாறு என்ற பொருள் தானாக ஏறிவிடும்.

மறுமொழி (இலக்கண ஆர்வலர்)

வழு, வழுவழு, வழுக்கு: வேரில் இருப்பது நழுவுதல்தான், கோளாறு அல்ல. 'வழி'யும் இந்த வேரிலிருந்தே கிளைத்திருக்கலாம்...

மறுமொழி (தமிழாசிரியர்)

வழுவுக்கும் வழிக்கும் முடிச்சுப் போடுவதற்கு முன் இகரமும் உகரமும் மாறும் இடங்களைக் காட்டுங்கள். தனி இழையில் தொடர்வோம்.

மறுமொழி (புள்ளியியல் விரிவுரையாளர்)

எங்கள் துறையில் 'ஸ்டாண்டர்ட் டீவியேஷன்' என்பதை இலங்கைத் தமிழர் 'நியம விலகல்' என்பார்கள், தமிழ்நாட்டில் 'திட்ட விலக்கம்'. சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது மட்டுமே பொருள். நல்லது கெட்டது இல்லை. 'நெறிவிலகல்' என்று வைத்தால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் புரியும். தூய்மை பேசிப் புரியாத சொல்லைத் தருவதில் பயனில்லை.

மறுமொழி (சமூகவியல் ஆசிரியை)

உங்களை அறியாமலே இந்த விவாதத்தின் நடுப்புள்ளியைத் தொட்டுவிட்டீர்கள். விலகல் தன்வினை, விலக்கல் பிறவினை. இரண்டு கோட்பாட்டு முகாம்களும் இங்கேதான் பிரிகின்றன. மெர்ட்டன் 1938இல் சொன்னது முதல் வகை: செல்வம் சேர்க்கும் குறிக்கோளைச் சமூகம் எல்லோருக்கும் ஊட்டுகிறது, வழியைச் சிலருக்கே தருகிறது, மற்றவர் விலகுகிறார்கள். வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஊழியர்கள் விற்பனை இலக்கை எட்டுவதற்காக வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகளைத் திறந்தது 2016இல் பெரிய செய்தியானதே, அதற்கு 'விலகல்' பொருந்தும். ரேகைச் சட்டத்தின்கீழ் பதியப்பட்டவர் எதிலிருந்து விலகினார்? அவர் விலக்கப்பட்டவர். அங்கே 'விலக்கம்' என்றே எழுத வேண்டும்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

அனைவருக்கும் நன்றி. ஒரு கருத்துக்கு இயலுக்கு ஓர் இயல் சொல் மாறினால் சொல்லடைவில் குழப்பம் வரும் என்று பதிப்பாசிரியர் மறுக்கிறார். எனவே நூல் முழுவதும் 'நெறிவிலகல்'. பெக்கரின் கோட்பாடு 'பட்டம் கட்டல்'. சாலஞ்சர் பகுதியில் 'வழுவமைதி' இருக்கும், ஒரு வரி விளக்கத்தோடு. மெர்ட்டனின் இரண்டாம் வகைக்கு (குறிக்கோளை ஏற்று, ஏற்ற வழியை விட்டு வேறு வழியில் எட்டுவது) மட்டும் இன்னும் சொல் இல்லை: 'புத்தாக்கம்' என்றால் அந்த வங்கி ஊழியரைப் பாராட்டுவதுபோல் ஆகிறது. 'குறுக்குவழி' போதுமா?

மறுமொழி (சமூகவியல் ஆசிரியை)

குறுக்குவழி சரி. பெக்கர் இயலில் 'நெறிவிலகல்' என்பதை நான் ஏற்கவில்லை. அச்சான பிறகும் என் வகுப்பில் 'விலக்கம்' என்றே சொல்லிக்கொடுப்பேன்.