முதுகெலும்பு மூட்டுச்சிதைவும் குடலும்: சொற்கள் குறித்து
அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

தண்டுவடக் காயத்துக்குப் பல ஆண்டுகள் கழித்து, காயத்துக்குக் கீழே முள்ளெலும்பு மூட்டுகள் அழியும் 'சார்கோட் முதுகெலும்பு' நோய்க்குத் தமிழ்ப் பெயராக, நம் கலைச்சொல் உரையாடலில் ஐயா ஒருவர் முன்வைத்த 'வலியறியா மூட்டுச்சிதைவு' செவிக்கு இனிய சொல்தான். ஆயினும் அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. இந்நோய் வந்தவர்களில் சிலருக்கு முதுகுவலி இருக்கவே செய்கிறது. பெயரிலேயே 'வலியறியா' என்றிருந்தால், வலிப்பதாலேயே இது வேறு ஏதோ என்று அவர்கள் இருந்துவிடக்கூடும். மேலும், மூட்டைக் காப்பது வலி மட்டுமன்று. உடலின் இருப்பைத் தெரிவிக்கும் நிலையுணர்வும் அற்றுப்போவதால்தான், சக்கர நாற்காலியில் திரும்பும்போதும் கட்டிலுக்கு மாறும்போதும் நேரும் சிறு சேதங்கள் தடுப்பாரின்றிச் சேர்ந்து மூட்டுகளைத் தகர்க்கின்றன. எனவே 'உணர்விழப்பு மூட்டுச்சிதைவு' என்பதே காரணத்தைச் சொல்கிறது. பிரெஞ்சு மருத்துவர் சார்கோட் 1868இல் விவரித்தது மேகநோய் (சிபிலிஸ்) தண்டுவடத்தைத் தாக்கியவர்களின் மூட்டுகளை. இன்று இது நீரிழிவு நோயாளிகளின் பாதத்தில் மிகுதி. எல்லாவற்றுக்கும் இச்சொல் பொருந்தும்.

தண்டுவடக் காயத்தால் மலம் கழிக்கும் கட்டுப்பாடு குலைந்த குடலுக்கு 'நரம்பியக் குடல்' என்ற ஒற்றைச் சொல் போதாது. காயம் தண்டுவடத்தின் கீழ்நுனிக்கு மேலே இருந்தால் அனிச்சைச் செயல் (மூளையின் கட்டளையின்றித் தானே நிகழும் தசை இயக்கம்) எஞ்சியிருக்கும், ஆசனவாய்ச் சுருக்குத்தசை இறுகியிருக்கும். விரலால் மெல்லத் தூண்டினால் மலம் வெளியேறும். கீழ்நுனியோ அங்கிருந்து இறங்கும் நரம்பு வேர்களோ சிதைந்தால் அந்த அனிச்சை இல்லை; தசை தளர்ந்து மலம் கசியும், தூண்டியும் பயனின்றிக் கையால் எடுக்க வேண்டிவரும். அன்றாடப் பராமரிப்பே வேறாகும் இவ்விரண்டையும் 'அனிச்சைக் குடல்', 'தளர்குடல்' எனப் பிரிக்கலாம்.

இதில் நான் பிடிவாதம் காட்டக் காரணம் உண்டு. மூட்டுச்சிதைவு நரம்பு வேர்களை நசுக்கும்போது, கால்களின் விறைப்பு குறைந்து, அனிச்சைக் குடல் தளர்குடலாக மாறக்கூடும். நெடுங்காலம் பலித்த தூண்டல் திடீரெனப் பலிக்காமற்போனால், வீட்டில் அதை மலச்சிக்கல் என்றெண்ணிப் பேதி மருந்தைக் கூட்டுவார்கள். அசையும்போது முதுகில் 'கடக்' என்ற ஓசையும், உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாய்தலும் சேர்ந்திருந்தால், உடனே முதுகைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். மருத்துவமனைக் குறிப்பேட்டில் 'அனிச்சைக் குடல்' என்று முன்பே எழுதியிருந்தால்தானே அது மாறியது பராமரிப்பவருக்குப் பிடிபடும்?

'தளர்குடல்' வயிற்றுப்போக்கைக் குறிப்பதாக யாருக்கேனும் தோன்றுகிறதா? தோன்றினால் 'அனிச்சையறு குடல்' என்று மாற்ற இசைகிறேன். 'அனிச்சை'க்கு ஈடாகத் 'தெறிவினை' பழகிய இலங்கை நண்பர்கள் தம் கருத்தை அவசியம் எழுத வேண்டுகிறேன்.

அன்புடன்.