புதுப்பிப்பு: ஏர் ரைஃபிள் பெல்லட் பெட்டியின் சத்தம் அடங்கியது

வேளச்சேரி அடுக்குமாடியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடும் பயிற்சி. சுட்ட பெல்லட்டை (சிறு காரீயக் குண்டு) இலக்கின் பின்னால் தடுத்துப் பிடிக்கும் இரும்புத் தகட்டுப் பெட்டியின் ‘டங்’ சத்தம் கீழ்வீடு வரை போகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது டயர் ரப்பர் துகள்தான். 15 செ.மீ. ஆழ மரப்பெட்டி, பின்னால் 18 மி.மீ. ப்ளைவுட், முன்னால் அட்டை. துகளை நன்றாக அமுக்கி நிரப்பினேன். 0.53 கிராம் தட்டைமுனை பெல்லட் பாதி ஆழத்திலேயே நின்றுவிடுகிறது. தகட்டின் மேல் ரப்பர் ஷீட் ஒட்டும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்: பெல்லட் திரும்பித் தெறிக்கிறது. எதில் சுட்டாலும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

எதிர்பாராதது: மிச்சச் சத்தம் சுவர் வழியாகத்தான் இறங்கியிருக்கிறது. பெட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, அடியில் ஃபோம் வைத்ததும் அடங்கியது. அட்டை ஓட்டையாகித் துகள் கொட்டும்; அவ்வப்போது மாற்றுங்கள். பெல்லட் காரீயம், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.