மறு: 'பொய் உறை' வேண்டாமே, 'இலைமடி' எப்படி?

> "ஃபால்ஸ் இண்டூசியம்" என்பதை 'பொய் உறை' என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

புரியும்தான், ஆனால் தப்பாகப் புரியும். பெரணி (ஃபெர்ன்) இலையின் அடியில் வித்தகங்களை, அதாவது வித்துகள் (ஸ்போர்) அடங்கிய சிறு பைகளை, மூடிக்கொள்ளும் விளிம்பு மடிப்புக்குத்தானே தமிழில் பெயர் தேடுகிறோம். போன வாரம் குன்னூரிலிருந்து லாம்ஸ் ராக் போகும் வழியில், தண்ணீர் கசியும் பாறையடியில் அடியாண்டம் பெரணி ஒன்றின் இலையைத் திருப்பிப் பார்த்தேன். காம்பு கருகருவென்று மயிரிழை மாதிரி. இலையின் மேல் விழுந்த சொட்டு, சேம்பிலையில் உருள்வதுபோல உருண்டு ஓடியது. விளிம்பு ஆங்காங்கே பின்பக்கமாக மடிந்திருந்தது. குண்டூசியால் மெல்ல நிமிர்த்தி லென்ஸை வைத்தால், உள்ளே பழுப்பு மணிகளாக வித்தகங்கள். அவை ஒட்டியிருந்தது இலைப்பரப்பில் இல்லை. மடிந்த அந்தத் துண்டின் உட்புறத்திலேயே.

'உறை' இடறுவது இங்கேதான். தலையணை வேறு, தலையணை உறை வேறு. தொட்டியில் வளர்க்கிறோமே நெஃப்ரோலெபிஸ், அதில் அப்படித்தான்: வித்தகக் கொத்தின் மேல் தனியாக ஒரு சவ்வு வளர்ந்து மூடும். அதற்கு 'வித்துறை' பொருத்தம். அடியாண்டத்தில் தனிச் சவ்வே கிடையாது. இலை தன் ஓரத்தையே மடித்து வைத்துக்கொள்கிறது. சவ்வை அளவுகோலாகப் பிடித்தால்தான் இது 'ஃபால்ஸ்'. செடியைக் கேட்டால் பொய் எதுவும் சொல்லவில்லை என்னும்.

எங்கள் பாட்டி வெற்றிலையும் சில்லறையும் மடியில்தான் செருகிக்கொள்வாள். தனிப் பை கிடையாது, கட்டிய சேலையே பை. இலையும் அதைத்தான் செய்கிறது. 'இலைமடி' என்று வைத்தால் வினையும் பெயரும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. பசுவின் மடி நினைவுக்கு வரும் என்று அக்கா சொன்னார்கள். வரட்டுமே, அதுவும் உள்ளே ஒன்றை வைத்திருப்பதுதானே!

சொல் எனக்கு அவசரமாகத் தேவைப்படுவது மருந்துச் செடிகளுக்கு எழுதும் பெயர்ப் பலகைக்காக. யுனானியில் இருமலுக்கும் நெஞ்சுச்சளிக்கும் கொடுக்கும் பர்சியாவஷான், அடியாண்டம் கேப்பிலஸ்-வெனரிஸ். ஆயுர்வேதத்தின் ஹம்சபாதி, அடியாண்டம் ஃபிலிப்பென்ஸ். அதன் இலைநுனி மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர்விட்டு அடுத்த செடியாகிவிடும். நம் மலையில் தோட்டத்திலிருந்து தப்பித்து மண்சரிவுகளில் மண்டிக்கிடக்கும் அடியாண்டம் ராடியானமோ தென்னமெரிக்காக்காரர். மூன்றுக்கும் காம்பு கருப்பு, மூன்றும் நிழல் விரும்பிகள். காய்ந்து சருகான பிறகு அடையாளம் சொல்ல எது மிச்சம்? இலைமடிதான். ராடியானத்தில் இலைவெட்டின் இடுக்கில் உருண்டையாக இருக்கும். கேப்பிலஸ்-வெனரிஸில் சற்று நீண்டிருக்கும். ஃபிலிப்பென்ஸில் விளிம்போரமாக நீளக் கோடாகவே ஓடும். பலகையில் 'பொய் உறை உருண்டை' என்று எழுதினால் படிக்கிற பிள்ளை என்ன நினைக்கும்?

நிழல் ஏன் என்று கேட்டிருந்தீர்கள். விழுந்த வித்து முதலில் இதய வடிவில், சில மில்லிமீட்டரே உள்ள ஒரு பச்சைத் தகடாக முளைக்கிறது. அதிலிருந்து ஆணணு நீரில் நீந்தித்தான் முட்டையை அடைய வேண்டும். ஈரம் காயாத இடம் பார்த்துத்தானே குடியேறும்! இந்தத் தகட்டுக்கும் ஒரு பெயர் பாக்கி, 'முன்உடலம்' எனக்கு ஒட்டவில்லை. அது வேறு மடலில்.

* * *

> 'இலைமடி' எப்படி?

தம்பி, அக்கா எழுதுகிறேன். பசுமடிப் பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஊட்டிப் புல்வெளியில் தலைக்குமேல் வளருமே, பிராக்கன் பெரணி, அதை எழுதிப் பார்த்தேன். அதில் வெளியே மடிந்த விளிம்பு, உள்ளே தனிச் சவ்வு, இரண்டும் உண்டு. 'பொய் உறைக்குள் ஒரு மெய் உறை' என்று எழுதி எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 'இலைமடிக்குள் வித்துறை' என்றால் ஒரே வரியில் முடிகிறது. கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுங்கள். 'முன்உடலம்' மடலை எப்போது போடுகிறீர்கள்?