‘பத்தாது’ கொச்சைச் சொல்லா?

மயிலாப்பூர்வாசி:
தையற்காரர் என் துணியை அளந்துவிட்டு, “இரண்டு மீட்டர் பத்தாது” என்றார். நான் பெரிய பண்டிதனைப் போல, “போதாது என்று சொல்லுங்கள்” என்றேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு முறைத்தார். யார் சொன்னது சரி?

பெரம்பூர்த் தாத்தா:
அவர்தான், தம்பி. ‘பற்றாது’ என்பதே பேச்சில் ‘பத்தாது’ ஆனது, காற்று ‘காத்து’ ஆனதைப் போல. பட்ஜெட் செய்தியில் வரும் ‘பற்றாக்குறை’யைத் திருத்துவீர்களா?

அடையாற்றுக்காரி:
ஆனால் இரண்டையும் எல்லா இடத்திலும் மாற்றிப் போட முடியாது. ‘போதாத காலம்’ என்போம். ‘பற்றாத காலம்’ என்று நான் கேட்டதே இல்லை. ‘போதாக்குறைக்கு’ இன்னும் வேடிக்கை. நேற்று திருவான்மியூரில் பஸ் வரவில்லை, போதாக்குறைக்கு மழை. எனக்கு எது குறைந்தது? எல்லாம் அதிகம்தான்!

மயிலாப்பூர்வாசி:
சரி தாத்தா. இன்னும் கால் மீட்டர் துணியோடு அவரிடம் கிளம்புகிறேன். தைத்துத் தருவாரா என்பதுதான் தெரியவில்லை.