மகரக்கட்டு உடைஞ்சா ஆறு மாசம் வாயே திறக்கக்கூடாதாம்!

தஞ்சோங்_தம்பூரா:
திருமுறை ஓதும் போட்டிக்குப் பிள்ளைங்களத் தயார் பண்ணுற வாட்சப் குழுக்கள்ல ரெண்டு நாளா ஒரு குரல்பதிவு சுத்துது. மகரக்கட்டு, அதாவது வயசுக்கு வர்ற பையனோட குரல் உடைஞ்சு மாறுறதைப் பத்திப் பேர் சொல்லாத ஒரு மாஸ்டர் பேசுறாரு. "படிவம் ஒண்ணு, ரெண்டு படிக்கிற பையனுக்கு மகரக்கட்டு உடைஞ்சா ஆறு மாசம் பாட விடாதீங்க. பள்ளி நாடகத்துலயும் வசனம் கொடுக்காதீங்க. மீறினா குரல் போனது போனதுதான்." கேக்குற பெத்தவங்க பயந்து போட்டியிலேருந்து பேரையே எடுக்குறாங்க.

மாஸ்டருக்கு ஒரே ஒரு கேள்வி. ஆறு மாசம்ங்கிற கணக்கு எங்கேருந்து வந்துச்சு?

இந்த வயசுல பையனோட குரல் நாண் ஏறக்குறைய 60 சதவீதம் நீளுது, தடிக்கவும் செய்யுது. அதனால பேச்சு ஒரு ஸ்தாயி (ஒரு ஸவிலேருந்து அடுத்த ஸ வரைக்கும் உள்ள தூரம்) இறங்குது. பெரும்பாலும் 12, 13 வயசுல தொடங்கும். தடுமாற்றம் அதிகமா இருக்குறது ஏறக்குறைய ஒரு வருஷம். முழுசா நிலைச்சு நிக்க 17, 18 ஆகும். இதுல ஆறு மாசம் எந்த ஸ்டேஷன்? ஏறுற இடமும் இல்ல, இறங்குற இடமும் இல்ல.

சங்கதி_சாமி:
வந்துட்டாரு விஞ்ஞானி. அந்தப் பதிவுல சொன்னதுல தப்பே இல்ல. பையன்களே நடிச்ச பாலர் சபை நாடகக் காலத்து வழக்கம் அது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல மதுரையில தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கின காலத்துலேயே மகரக்கட்டுன்னா என்னன்னு நாடகக்காரங்களுக்குத் தெரியும். குரல் உடைஞ்ச பையனைப் பாட்டு வேஷத்துலேருந்து இறக்கிடுவாங்க. அவங்க என்ன முட்டாளா?

தஞ்சோங்_தம்பூரா:
முட்டாள் இல்ல, வியாபாரி. மைக் இல்லாத கொட்டகை, 4, 5 கட்டையில (கட்டைன்னா ஆர்மோனியத்துல ஸ வைக்கிற இடம், எண் ஏறினா சுருதி ஏறும்) கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும், சனம் பாட்டுக்காகத்தான் டிக்கெட் வாங்குச்சு. மேல் ஷட்ஜத்துல, அதாவது மேல் ஸவுல, பிசிறடிச்சா வசூல் போச்சு. அதான் வேஷத்தை மாத்தினாங்க. வாயை மூடல! இறக்கின பையனுக்கு வசன வேஷம் கொடுத்தாங்க, கோமாளி வேஷம் கொடுத்தாங்க. "நாடகத்துல வசனம்கூடக் கூடாது"ன்னு உங்க மாஸ்டர் சொல்றதுக்கு அந்த வழக்கத்தையே சாட்சிக்குக் கூப்பிடுறீங்களே, சாமி.

கேள்வி அப்படியே நிக்குது. ஆறு மாசம் எங்கேருந்து?

ஓரமா_நிக்கிறேன்:
"பாடக்கூடாது"ன்னா என்ன அர்த்தம்னு முதல்ல முடிவு பண்ணலாமா? மேடையில பாடுறதா, வீட்டுல சரளி வரிசை மாதிரி தொடக்கப் பயிற்சியா, இல்ல வெறும் முனகலா?

சங்கதி_சாமி:
தம்பூரா, புத்தகத்தை மூடிட்டுப் பையனோட கழுத்தைப் பாருங்க. நேத்து வரைக்கும் 5½ல சரசரன்னு பாடின பிள்ளை இன்னிக்கு மேல் ஸ போறப்ப தாடை முன்னால நீளும், கழுத்து நரம்பு புடைக்கும், தோள் ஏறும். தள்ளித் தள்ளிப் பிடிக்கிறான். அந்தத் தள்ளல் பழக்கமாயிட்டா குரல் நிலைச்ச பிறகும் போகாது. ஆறு மாசம் தொண்டையை விடு. அந்த நேரத்துல கையில தாளம் போடட்டும், ஏழு தாளத்துக்கும் அலங்காரச் சுரப்பயிற்சியை எழுதட்டும், நல்ல ஓதுவாரைக் கேக்கட்டும். ரொம்ப ஆசைன்னா 3½ கட்டையில லேசா முணுமுணுக்கட்டும். இதுல யாருக்கு என்ன நட்டம்?

தஞ்சோங்_தம்பூரா:
எத்தனை கட்டை? திரும்பச் சொல்லுங்க?

மேடைக்கொசு:
மூணரைக் கட்டை 😂 அலாமாக். ஆர்மோனியத்துல மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்புக் கட்டையே கிடையாது லா சாமி. 1½ இருக்கு, 2½ இருக்கு, அப்புறம் நேரா 4½, 5½, 6½. குழந்தைக்கே தெரியும்.

சங்கதி_சாமி:
கட்டைங்கிறது ஆர்மோனியக்காரன் வச்ச கணக்கு. தம்பூராவுல பிரடையை (தந்தியை முறுக்குற ஆணி) திருகி, தந்தியில கோத்த மணியை நகர்த்தினா மூணுக்கும் நாலுக்கும் நடுவுல எங்கே வேணாலும் நிக்கலாம். சுருதிப் பெட்டியிலகூட நுண் திருகல் இருக்கு. தம்பூரான்னு பேர் வச்சிருக்கவர் இதை எடுத்துச் சொல்லியிருக்கணும். மௌனமா இருக்காரு.

தஞ்சோங்_தம்பூரா:
மௌனம் இல்ல, சிரிச்சிட்டு இருந்தேன். நடுவுல நிக்கலாம், சரி. ஆனா அதுக்கு மூணரைன்னு பேர் கிடையாது. போகட்டும்.

தாடை நீளுது, நரம்பு புடைக்குதுன்னு சொன்னீங்கல்ல? சரியாத்தான் பார்த்திருக்கீங்க. ஆனா அது பாடினதால வந்த கேடு இல்ல, 5½லேயே பாட வச்சதால வந்த கேடு. பையனோட குரல் மாறுது, மாஸ்டரோட சுருதிப் பெட்டி மாறல. பழி பையன் தொண்டை மேல.

செய்ய வேண்டியது இது. மாசம் ஒரு தடவை பையனை இருபதுலேருந்து ஒண்ணு வரைக்கும் பின்னால எண்ணச் சொல்லுங்க, பேசுற குரல்ல. ஏன் பின்னாலன்னா, யோசிச்சு எண்ணுறப்ப குரலை வேணும்னு மாத்திக்கத் தோணாது. பேச்சு எந்தக் கட்டையில நிக்குதுன்னு ஆர்மோனியத்துல தேடுங்க. மாறிட்டு இருக்குற பையனுக்கு அது அஞ்சு கிட்ட நிக்கும்னு வைங்க. ஸ அதுக்கு ரெண்டு கட்டை கீழ, மூணுல வைக்கணும். ஸவுக்குக் கீழ, மந்தர ஸ்தாயிக்கு இறங்காதீங்க, அங்க இன்னும் ஒண்ணும் முளைக்கல, வெறும் காத்துதான் வரும். மேல ப வரைக்கும் தாராளம், மேல் ஸ தொட்டுட்டு வரலாம், அங்க நிக்க வேணாம். அதுக்குள்ள அடங்குற பதிகமாப் பார்த்துப் பொறுக்கணும். அடுத்த மாசம் பேச்சு இறங்கினா ஸவும் கூடவே இறங்கும். தொடக்கத்துலேருந்து பார்த்தா ஸ போற வழி அஞ்சரை, நாலு, மூணு, ரெண்டு, சிலருக்கு ஒண்ணு. குதிச்சுக் குதிச்சு இறங்கும், சில மாசம் அசையாது.

பயிற்சி பதினஞ்சு நிமிஷம் போதும். பாதி பாட்டில் தண்ணியில உறிஞ்சுகுழாயை ரெண்டு விரற்கடை முக்கி, "ஊ"ன்னு சத்தத்தோட குமிழி விடணும், அஞ்சு தடவை. குமிழி விட்டு விட்டு வந்தா மூச்சு சீரா இல்லன்னு அர்த்தம். கன்னம் உப்பினாப் பரவாயில்ல, கழுத்து இறுகக்கூடாது. அப்புறம் வாயை மூடி "ம்", மேலேருந்து கீழ வழுக்கி இறங்கணும். கீழேருந்து மேல ஏத்தினா உடையுற இடத்துல தள்ளத் தோணும், இறங்கினா தானா கடந்துடும். பிறகு சரளி வரிசை, முதல் காலம் (மெதுவான வேகம்) மட்டும். ஒவ்வொரு சுரத்தையும் ரெண்டு ரெண்டாப் பாடுற ஜண்டை வரிசை இப்ப வேணாம். ஏன்னா ரெண்டாவது சுரத்துல அழுத்தம் கொடுக்கணும், அந்த அழுத்தத்துலதான் குரல் பிளக்குது. அகாரம் (சுரத்துக்குப் பதிலா "ஆ"ன்னு பாடுறது) மேல போறப்ப "ஆ"வை "ஊ" பக்கம் குவிக்கச் சொல்லுங்க.

வலிச்சா அன்னிக்கு நிறுத்து. கரகரப்பு மூணு வாரம் தாண்டினா காது மூக்கு தொண்டை டாக்டர். இதுல எங்கேயாவது ஆறு மாசம் வருதா?

சங்கதி_சாமி:
இவ்வளவு நீளமா எழுதினா உண்மையாயிடுமா? மாசா மாசம் எண்ண வைக்கிறாராம். பாட்டு வகுப்பா, கணக்கு வகுப்பா? ஆறு மாசம் ஓய்வு கொடுத்தா இந்தத் தலைவலியே இல்ல.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
நான் நடனப் பக்கம். அதே வயசு, அதே வளர்ச்சி, எலும்பு முந்தி நீளுது, தசை பின்னால ஓடிவருது. முட்டிச் சிப்பிக்குக் கீழ இருக்குற மேட்டுல வலின்னு பிள்ளைங்க வந்து நிக்கும். அதுக்காக யாராவது ஆறு மாசம் சலங்கையைப் பூட்டி வைக்கிறாங்களா? குதிச்சு மெட்டடவையும் முழுமண்டியையும் (முழுசாக் குந்துறது) குறைக்கிறோம். அரைமண்டி (முட்டி மடக்கிப் பாதி உக்காருறது) கொஞ்சம் உயரமா உக்காரலாம்னு விடுறோம். தட்டடவு, நாட்டடவுன்னு அடிப்படை அடவெல்லாம் முதல் காலத்துல ஓடிக்கிட்டே இருக்கும். முட்டி ரெண்டாவது கால்விரலுக்கு நேரா போகணும், பாதத்தை மட்டும் திருப்பிட்டு இடுப்பு திரும்பலன்னா முட்டி முறுக்கிக்கும். அதைத் திருத்துறதுக்கு இதுதான் நல்ல நேரம். குரலும் அப்படித்தானே?

பெரிய எதிரி தரை. காங்கிரீட் மேல ஒட்டின டைல்ஸ்ல தட்டடவு தட்ட விடுறவங்களை என்ன சொல்றது.

மேடைக்கொசு:
அக்கா, கோயில்ல கருங்கல்லுல ஆடல? கல்லு என்ன ரப்பரா?

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
கோயில்ல ஆடினது வேற கதை. வாரத்துக்கு நாலு வகுப்பு, ஆண்டுவிழா வந்தா எட்டு வகுப்புன்னு 12 வயசுப் பிள்ளை கல்லுல தட்டல. ஒட்டுப்பலகை, அடியில ரப்பர் துண்டு, மேல வினைல் விரிப்பு. இவ்வளவுதான். சிலர் யோகா விரிப்பைப் போட்டுடுறாங்க, அது இன்னும் மோசம். பாதம் அமுங்கிக் கணுக்கால் புரளும்.

மேடைக்கொசு:
தரைக்குத் தனி இழை தொடங்குங்க லா. நாடகப் பக்கத்துலேருந்து ஒண்ணு. குரல் உடைஞ்ச பையனுக்கு வசனத்தைப் புடுங்க வேணாம், ஒத்திகையில கிசுகிசுத்துப் பேசச் சொன்னாப் போதும். மேடையன்னிக்கு மைக் இருக்கு.

தஞ்சோங்_தம்பூரா:
கொசு, நீங்க நம்ம பக்கம்னு நெனச்சேன். கிசுகிசுப்பு ஓய்வு இல்ல! நிறைய பேர் கிசுகிசுக்குறப்ப குரல் நாணுக்கு மேல இருக்குற தசையை நெரிக்கிறாங்க. அதுக்குப் பதிலா சாதாரணக் குரல், சின்னச் சத்தம். வசனத்தைக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோறது சத்தம் இல்ல, மெய்யெழுத்து. நம்ம பிள்ளைங்க வாக்கியத்தோட கடைசி அசையை முழுங்கிடுவாங்க, "வந்தேன்"ல "வந்" மட்டும் கேக்கும். க, ச, ட, த, ப, ற நல்லா விழுந்து, கடைசி அசை முடிஞ்சா பாதிச் சத்தத்துல மண்டபம் நிறையும். "வயித்துலேருந்து கத்து"ன்னு சொல்லிக் கொடுக்குறவங்களாலதான் பாதித் தொண்டை கெடுது. வயித்துல குரல் நாண் இல்ல.

மேடைக்கொசு:
தெரியாம ஒரு வரி போட்டேன், பாடமே நடத்திட்டாரு. நன்றி வாத்தியாரே. ஐஸ் கச்சாங் சாப்பிடலாமா, அதுக்கும் விதி இருக்கா?

தஞ்சோங்_தம்பூரா:
சாப்பிடுங்க. முழுங்குறது உணவுக்குழாய்க்குப் போகுது, குரல் நாணைத் தொடுறதே இல்ல. தொட்டாப் புரையேறும்.

சங்கதி_சாமி:
அடுத்த அபத்தம். ஐஸ் சாப்பிட்டுத் தொண்டை கட்டினவங்க இந்த நாட்டுல எத்தனை லட்சம்! பினாங்குக்காரங்களுக்கு ஐஸ் கச்சாங்கை விட மனசு வராது, அதுக்கு ஒரு விஞ்ஞானம் வேற.

தஞ்சோங்_தம்பூரா:
ஊரை இழுக்காதீங்க. கோலாலம்பூர் மண்டபங்கள்ல ஏர்கானை 18ல வச்சு நாலு மணி நேரம் பிள்ளைங்களைக் காய வைக்கிறதைப் பத்திப் பேசலாமா? அந்த வறட்சி ஐஸைவிட நூறு மடங்கு.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
பொண்ணுங்களைப் பத்தி ஒருத்தரும் வாயே திறக்கலையே. அவங்களுக்கும் குரல் மாறுது. இறக்கம் கம்மி, ரெண்டு மூணு சுரம்தான், ஆனா குரல் நாண் பின்பக்கம் சரியா மூடாம காத்துக் கலந்து வரும். "ஏன் மூச்சு விட்டுப் பாடுற"ன்னு அந்தப் பிள்ளைக்குத் திட்டு. 5½லேருந்து அஞ்சுக்கு இறக்கிப் பார்க்கலாம்ல?

சங்கதி_சாமி:
பொண்ணுக்கு ஏதும்மா மகரக்கட்டு? அந்தச் சொல்லே பையனுக்கு உரியது.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
சொல் இல்லன்னா சங்கதியும் இல்லையா, சங்கதி சாமி?

சங்கதி_சாமி:
பேரை வச்சு விளையாடாதீங்க. பெரியவங்க சொன்னதுல ஒரு காரணம் இருக்கும். மாறுற காலத்துல கீச்சுக் குரலையே பிடிச்சுத் தொங்கி, 20 வயசுலயும் கீச்சுக் குரல்லயே பேசுற பையனுங்க இருக்காங்க. அது எதனால? ஓய்வு கொடுக்காததால.

தஞ்சோங்_தம்பூரா:
தலைகீழ். கீழ்க்குரலைப் பழகாததாலதான் அவன் மேலயே தொங்குறான். அவனைப் பேச்சுப் பயிற்சியாளர்கிட்ட அனுப்பினா ஊமையா உக்கார வைக்க மாட்டாங்க. இருமச் சொல்லி, முனகச் சொல்லி, கழுத்துச் சங்கை விரலால மெதுவா அழுத்திக் கீழ்க்குரலை வெளியே எடுப்பாங்க. சத்தம் போட வச்சுத்தான் சரி பண்றாங்க. நீங்க சொல்ற ஆறு மாசத்துல அந்தப் பையன் வகுப்புல பேச மாட்டானா? சேப்பாக் தக்ராவ் திடல்ல கத்த மாட்டானா? திடல்ல தொண்டை கிழியக் கத்தலாம், மூணு கட்டையில தேவாரம் பாடினா மட்டும் குரல் போயிடுமா?

ஓரமா_நிக்கிறேன்:
மறுபடியும் கேக்குறேன். "ஓய்வு"ன்னா முழு மௌனமா, சுருதி இறக்கமா? சாமி சொல்ற முணுமுணுப்பும் தம்பூரா சொல்ற "ம்"மும் ஒண்ணுதானே?

சங்கதி_சாமி:
ஒண்ணு இல்ல.

தஞ்சோங்_தம்பூரா:
ஒண்ணே இல்ல. அவருது மூணரைக் கட்டை.

சங்கதி_சாமி:
பிரடைன்னு சொல்லியாச்சு! ஆறு மாசம்னா ஆறு மாசம். இதுக்கு மேல பேச்சு இல்ல.

தஞ்சோங்_தம்பூரா:
எங்கேருந்து வந்துச்சு அந்த ஆறு? காலையிலேருந்து பதினோரு தடவை கேட்டாச்சு.

மேடைக்கொசு:
நாலு தடவைதான். எண்ணினேன், இருபதுலேருந்து பின்னால.

பிரிக்பீல்ட்ஸ்_அக்கா:
டைல்ஸ் பத்தி யாரும் பதில் சொல்லல.

சங்கதி_சாமி:
மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நிக்கிற சுருதிக்கு வேற என்ன பேருன்னு தம்பூரா சொல்லட்டும், மத்ததை அப்புறம் பேசலாம்.