உப்புநீர்த் தொட்டியில் கை வைத்தால் சுருக்கென்கிறது: எர்த்திங் பற்றி யோசனை தேவை

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் வாடகை ஃப்ளாட், 200 லிட்டர் உப்புநீர் மீன் தொட்டி. ஞாயிற்றுக்கிழமை பாசி துடைக்கக் கை விட்டபோது, விரலில் இருந்த கீறலில் சுருக்கென்றது. உப்பு எரிச்சல் என்றுதான் நினைத்தேன். மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தண்ணீரிலும் மறுமுனையை ஏசி பாயின்ட்டின் எர்த்திலும் வைத்தால் 38 வோல்ட்! வேவ்மேக்கரை (தொட்டியில் அலை உண்டாக்கும் மோட்டார்) பிடுங்கியதும் 11.

மோட்டார் ஓடினாலே தூண்டலால் கொஞ்சம் வோல்ட் காட்டும், அது ஆபத்தில்லை என்று தெரியும். ஆனால் இது அதுவா, நிஜக் கசிவா? எப்படிப் பிரித்தறிவது?

தொட்டிக்கான ப்ளக் பாயின்ட்டை எலெக்ட்ரீஷியன் கழற்றினார். மூன்றாவது துளைக்கு, அதாவது எர்த்துக்கு, வயரே இல்லை. (வீட்டு உரிமையாளர், "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகலையே தம்பி" என்கிறார்.) போர்டில் எம்சிபி மட்டும். அது ஷார்ட்டுக்கும் ஓவர்லோடுக்கும்தான் விழும், ஆளைக் காப்பாற்றாது. டைட்டானியம் எர்த் ப்ரோப் (தண்ணீரை எர்த்தோடு இணைக்கும் கம்பி) போதும் என்கிறார் மீன்கடைக்காரர். ஆர்சிசிபி (மின்கசிவு தெரிந்ததும் சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் அதைப் போட எனக்குப் பயம். கசிவு மின்சாரம் நிற்காமல் ஓட நாமே வழி போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எர்த் வயர் இழுத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி தொட்டிக்கு மட்டும் தனியாக வைத்தவர்கள் இருக்கிறீர்களா? சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின்) ஓடும்போது சும்மா சும்மா விழுகிறதா? நடுராத்திரி விழுந்தால் இரண்டு க்ளௌன் மீன்களுக்கு பேட்டரி ஏர் பம்ப் தாங்குமா?

அதுவரை எல்லா ப்ளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் கை விடுகிறேன்.